எத்தனை மடங்கு பெருக்கும்?

தொலைநோக்கியின் உருப்பெருக்கம் என்பது இரண்டு குவியத்தொலைவுகளுக்கு இடையிலான விகிதம். வானை நோக்கியிருக்கும் பெரிய லென்ஸோ ஆடியோ ஒளியை எவ்வளவு தொலைவில் குவிக்கிறது என்று பார்க்க வேண்டும். அதைக் கண்ணருகே இருக்கும் சிறிய லென்ஸின் குவியத்தொலைவால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே உருப்பெருக்கம். பெரிய லென்ஸின் குவியத்தொலைவு 700 மில்லிமீட்டர், கண்ணருகு லென்ஸுக்கு 20 மில்லிமீட்டர் என்றால் விடை 35 மடங்கு. அதே குழாயில் 20 மி.மீ. லென்ஸைக் கழற்றிவிட்டு 4 மி.மீ. லென்ஸைச் செருகினால் 175 மடங்கு. குழாயில் வேறு எதுவும் மாறவில்லை. கைவிரல் அளவுள்ள ஒரு துணைப்பொருளை மாற்றியதும் உருப்பெருக்கம் ஐந்து மடங்கு கூடிவிட்டது. இந்தக் கண்ணருகு லென்ஸைக் கடைக்காரர்களும் வான்நோக்கும் ஆர்வலர்களும் ஐபீஸ் என்றே சொல்கிறார்கள்.

எந்தத் தொலைநோக்கியையும் எத்தனை மடங்குக்கு வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். அதற்கேற்ற ஐபீஸ் கிடைத்தால் போதும். அதனால்தான் வானாய்வகங்கள் தங்கள் தொலைநோக்கிகளை உருப்பெருக்கத்தைக் கொண்டு அடையாளப்படுத்துவதில்லை. ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு தொலைநோக்கியை வானியலாளர்கள் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்கிறார்கள். கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் 1948-இல் திறக்கப்பட்ட ஹேல் தொலைநோக்கி 200 அங்குலத் தொலைநோக்கி. இரண்டு எண்களும் ஆடியின் விட்டத்தைக் குறிக்கின்றன. முதன்முதலாகத் தொலைநோக்கி வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் விட்டத்தைப் பற்றியதுதான். ஆனால் பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சாகியிருப்பது பெரும்பாலும் வேறோர் எண்.

பெட்டியில் அச்சாகும் எண்

பல ஆண்டுகளாக உலகெங்கும் விற்கப்பட்டுவரும் ஒரு வகைத் தொலைநோக்கியை எடுத்துக்கொள்ளலாம். லென்ஸின் விட்டம் 60 மி.மீ., குவியத்தொலைவு 700 மி.மீ. கூடவே 20, 12.5, 4 மி.மீ. ஐபீஸ்கள் மூன்றும், மூன்று மடங்கு பார்லோ லென்ஸ் ஒன்றும் வரும். பார்லோ என்பது ஐபீஸுக்கு முன்னால் செருகும் குழிலென்ஸ். ஆங்கிலேயக் கணிதவியலாளர் பீட்டர் பார்லோவின் பெயரால் வழங்குவது. 1833-இலிருந்து புழக்கத்தில் இருப்பது. அது தொலைநோக்கியின் குவியத்தொலைவை நீட்டி, எந்த ஐபீஸைப் போட்டாலும் அதன் உருப்பெருக்கத்தை இரண்டு, மூன்று மடங்காக்கும். 700-ஐ 4-ஆல் வகுத்தால் 175. அதை 3-ஆல் பெருக்கினால் 525. பெட்டியில் "525 மடங்கு" என்று அச்சாவது இந்தக் கணக்கைக் கொண்டுதான். குவியத்தொலைவு 900 மி.மீ. ஆக இருந்தால் இதே பெருக்கலில் 675 வரும்.

கணக்கில் பிழை இல்லை. அந்த லென்ஸ்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வியாழன் உண்மையாகவே 525 மடங்கு பெரிதாகத் தெரியும். ஆனால் கண்ணுக்குப் படுவது பெரிய, மங்கிய, நடுங்கும், ஓரமில்லாத ஒரு வெளிச்சத் திட்டு. பட்டைகளோ நிலவுகளின் கூர்மையோ இருக்காது. பல சமயம் வியாழனையே கண்டுபிடிக்க முடியாது. பரணில் தூங்கும் தொலைநோக்கிகள் பலவற்றின் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஆசையோடு வாங்கிய குழந்தை முதல் இரவிலேயே எல்லாவற்றிலும் சிறிய ஐபீஸைப் போட்டுப் பார்க்கிறது, எதுவும் தெரியவில்லை, தனக்கு வானம் பார்க்கத் தெரியவில்லை என்று நினைத்துக்கொள்கிறது. குறை குழந்தையிடம் இல்லை.

பெட்டியிலேயே சரியான தகவலும் இருக்கும், சற்றுச் சிறிய எழுத்தில். இந்தியாவில் பரவலாகக் கிடைக்கும் மலிவு விலைக் கருவி ஒன்றின் மாதிரி எண் 36050. குவியத்தொலைவு 360 மி.மீ., விட்டம் 50 மி.மீ. என்று அதைப் பிரித்துப் படிக்க வேண்டும். 70060 என்றால் 700-க்கு 60. 90060 என்றால் 900-க்கு 60. கடைசி இரண்டு இலக்கங்களைத்தான் வாங்குபவர் முதலில் படிக்க வேண்டும்.

விட்டம் செய்யும் வேலை

வானிலிருந்து வரும் ஒளியைச் சேகரிப்பதே பெரிய லென்ஸின் அல்லது ஆடியின் முதல் வேலை. சேகரிக்கும் அளவு பரப்பைப் பொறுத்தது. பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இருளில் நன்கு விரிந்த இளம் கண்பாவை ஏறக்குறைய 7 மி.மீ. இருக்கும். 70 மி.மீ. லென்ஸ் அதைவிட 100 மடங்கு ஒளியைப் பிடிக்கும். 130 மி.மீ. ஆடி 60 மி.மீ. லென்ஸைப் போல நான்கரை மடங்குக்கும் மேல் ஒளி சேர்க்கும். விட்டம் இரண்டு மடங்குதானே என்று எண்ணினால் கணக்குத் தவறிவிடும்.

உருப்பெருக்கம் இந்த ஒளியைக் கூட்டுவதில்லை. இருக்கும் ஒளியைப் பரப்பிவிடுகிறது. ஒரே பிடி மாவைப் பெரிது பெரிதாகத் தேய்த்தால் சப்பாத்தி மெலிந்துகொண்டே போவதைப் போல, பிம்பம் அகல அகல அதன் வெளிச்சம் மெலிகிறது. மேற்சொன்ன 60 மி.மீ. கருவியில் 35 மடங்கிலிருந்து 525 மடங்குக்குப் போகும்போது பிம்பம் நீளத்திலும் அகலத்திலும் 15 மடங்காகிறது. அதே ஒளி 225 மடங்கு பரப்பில் சிதறுகிறது. இதை வேறு வழியாகவும் அளக்கலாம். விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் தடிமன் கிடைக்கும். 35 மடங்கில் அது 1.7 மி.மீ.; 525 மடங்கில் 0.11 மி.மீ. அவ்வளவு மெல்லிய கற்றையில் கண்ணுக்குள் மிதக்கும் தூசு இழைகளின் நிழல்கள்கூடப் பிம்பத்தின்மேல் விழத் தொடங்கும்.

விட்டத்தின் இரண்டாவது வேலை நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுவது. ஒளி அலையாகப் பரவுவதால், எவ்வளவு சிறந்த லென்ஸும் ஒரு விண்மீனைப் புள்ளியாகக் குவிக்காது. ஒரு சிறு வட்டாகவே குவிக்கும். லென்ஸ் பெரிதாக ஆக அந்த வட்டு சிறிதாகும். வானில் தொலைவுகளைப் பாகையில் அளக்கிறார்கள். பாகையில் 60 கலை, கலையில் 60 விகலை. முழுநிலவின் அகலம் அரைப் பாகை, அதாவது 30 கலை அல்லது 1,800 விகலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய வானியலாளர் வில்லியம் டாஸ் இரட்டை விண்மீன்களை நோக்கி வகுத்த விதியின்படி, 116-ஐ மி.மீ. கணக்கிலான விட்டத்தால் வகுத்தால், பிரித்துக் காணக்கூடிய மிகச்சிறிய இடைவெளி விகலையில் கிடைக்கும். 60 மி.மீ. லென்ஸுக்கு அது 1.9 விகலை, 130 மி.மீ. ஆடிக்கு 0.9, 150 மி.மீ.க்கு 0.8. லென்ஸ் பிரித்துத் தராத நுணுக்கத்தை எந்த ஐபீஸாலும் உண்டாக்க முடியாது.

உருப்பெருக்கத்தின் எல்லை இங்கேதான் பிறக்கிறது. நல்ல பார்வையுள்ள மனிதக் கண் ஏறக்குறைய 1 கலை இடைவெளியைப் பிரித்தறியும். 60 மி.மீ. லென்ஸ் தரும் 1.9 விகலை நுணுக்கத்தை 1 கலையாகப் பெருக்க 31 மடங்கு போதும். கண்ணுக்குச் சிரமமில்லாமல் இருக்க அதை நான்கு கலை வரை பெரிதாக்கலாம். அதற்கு ஏறக்குறைய 120 மடங்கு. இதற்குப் பிறகு பெருக்கினால் பெரிதாவது நுணுக்கம் அல்ல, மங்கல். வான்நோக்குவோர் காலங்காலமாகச் சொல்லிவரும் விதி இதன் சுருக்கம்தான்: மி.மீ. கணக்கிலான விட்டத்தை இரண்டால் பெருக்கினால் பயனுள்ள உச்ச உருப்பெருக்கம். 50 மி.மீ.க்கு 100, 70 மி.மீ.க்கு 140, 130 மி.மீ.க்கு 260. 60 மி.மீ. கருவியோடு வரும் 4 மி.மீ. ஐபீஸ் பார்லோ இல்லாமலே 175 மடங்கு தருகிறது. அந்த ஐபீஸே வரம்பு மீறியது. 525 மடங்கில் லென்ஸ் பிரித்துக் காட்டக்கூடிய மிகச்சிறிய நுணுக்கம் முழுநிலவின் பாதிக்கு மேல் உப்பிவிடுகிறது. அதற்குள் பார்க்க எதுவுமே இல்லை.

யுரேனஸ் பிடிபட்ட இரவு

உருப்பெருக்கத்தை அறிந்து கையாண்டால் அது எவ்வளவு கூர்மையான கருவியாகும் என்பதற்கு 1781 மார்ச் 13-ஆம் தேதி இரவு நல்ல சான்று. இங்கிலாந்தின் பாத் நகரில் இசைக்கலைஞராக வாழ்ந்த வில்லியம் ஹெர்ஷல் தாமே தேய்த்து மெருகேற்றிய ஆடியால் வானைத் துழாவிக்கொண்டிருந்தார். ஆடியின் விட்டம் 6.2 அங்குலம், அதாவது 157 மி.மீ.; குவியத்தொலைவு 7 அடி. ஐபீஸ் 227 மடங்கு தந்தது. இரண்டால் பெருக்கும் விதிப்படி அந்த ஆடியின் உச்சம் 314. எனவே வரம்புக்குள்தான் அவர் வேலை செய்தார். ரிஷபம், மிதுனம் இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மற்ற விண்மீன்களைவிடச் சற்றுப் பருத்த ஒன்று தட்டுப்பட்டது.

ஹெர்ஷல் உடனே ஐபீஸை மாற்றினார்: 460 மடங்கு, அடுத்து 932 மடங்கு. விண்மீன்களுக்கு உண்மையான வட்டு எதுவும் தெரியாது. அவ்வளவு தொலைவில் இருப்பவை. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் அவற்றின் அளவு அதே விகிதத்தில் பெரிதாவதில்லை என்பதை அவர் நீண்ட பழக்கத்தால் அறிந்திருந்தார். புதிய பொருளோ பெருக்கிய விகிதத்திலேயே பெரிதானது. கூடவே மங்கலாகி ஓரம் குலைந்தது. பக்கத்து விண்மீன்கள் தங்கள் பொலிவை இழக்கவில்லை. அது விண்மீன் அல்ல என்று அந்த வேறுபாடு சொல்லிவிட்டது. வால்மீன் என்றே அவர் முதலில் எண்ணினார். பிறகு பாதையைக் கணித்தவர்கள் அது சனிக்கு அப்பாலுள்ள கோள் என்றார்கள்.

932 மடங்கை அவர் அழகான காட்சிக்காகப் பயன்படுத்தவில்லை. அந்த அளவில் பிம்பம் கெடும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு கேள்விக்கு விடை காணவே அதைப் பயன்படுத்தினார். இந்த நிகழ்வில் இன்னொரு செய்தியும் அடங்கியிருக்கிறது. பரப்புள்ள பொருளான கோள் பெருக்கினால் மங்கும். புள்ளியான விண்மீன், ஒளிக்கற்றை கண்பாவைக்குள் அடங்கிய பிறகு, எளிதில் மங்காது. பின்னணி வானம் பரப்புள்ளது; ஆகவே பெருக்கும்போது அது கறுக்கும். நகரின் வெளிச்சம் படிந்த வானில் 20 மடங்கில் தெரியாத விண்மீன்கள் 70 மடங்கில் தலைகாட்டுவது இதனால்தான். ஏப்ரல் முதல் ஜூன் வரை தமிழ்நாட்டின் தென்வானில் மாலை நேரத்தில் தெரியும் ஒமேகா செந்தாரி விண்மீன் கொத்து இதற்கு ஏற்ற இலக்கு. 130 மி.மீ. ஆடியில் 20 மடங்கில் அது பஞ்சுப் பந்து. 100 மடங்குக்கு அருகில் அதன் மேல் பொடிப்பொடியாக விண்மீன்கள் பிரியத் தொடங்கும். குறைந்த உருப்பெருக்கமே எப்போதும் நல்லது என்று மனப்பாடமாகச் சொல்வதும் தவறு.

குறைவான மடங்கில் காணக் கிடைப்பவை

கலிலியோ 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளைக் கண்டபோது அவரிடம் இருந்தது ஏறக்குறைய 20 மடங்கு தரும் கருவி. லென்ஸின் ஓரங்களை மறைத்து நடுப்பகுதியை மட்டுமே அவர் பயன்படுத்தினார். பார்வைப் புலம் கால் பாகைதான். நிலவை முழுதாக ஒரே நேரத்தில் பார்க்க முடியாது. அதைக் கொண்டே நிலவின் மலைகளையும் பால்வழியின் விண்மீன்களையும் கண்டார். சனியின் வளையம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. இருபுறமும் இரண்டு துணைக்கோள்கள் ஒட்டியிருப்பதாகவே எண்ணினார். கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1655-இல் ஏறக்குறைய 50 மடங்கு தரும், மேலும் செம்மையான லென்ஸால் சனியின் நிலவான டைட்டனைக் கண்டார். சனியைச் சுற்றி இருப்பது வளையம் என்று 1659-இல் வெளியிட்டார். 20-க்கும் 50-க்கும் இடையில் ஒரு வளையமே இருந்தது. ஆனால் அதை வெளிக்கொண்டுவந்ததில் பெருக்கத்தைப் போலவே லென்ஸின் தரத்துக்கும் பங்கு உண்டு.

அடுத்த இருபது ஆண்டுகளில் ஐரோப்பியர்கள் பெருக்கத்தைத் துரத்தினார்கள். ஒற்றை லென்ஸ் நிறங்களை வெவ்வேறு தொலைவில் குவிப்பதால் பிம்பத்தைச் சுற்றி வண்ண ஓரம் படியும். குவியத்தொலைவை நீட்டினால் அது குறையும். டான்சிக் நகரின் ஹெவேலியஸ் 1670-களில் 150 அடி நீளத் தொலைநோக்கியைக் கம்பத்தில் கயிறு கட்டித் தூக்கி நிறுத்தினார். காற்றில் ஆடிய அந்தக் கருவியால் பெரிய பயன் எதுவும் விளையவில்லை. நியூட்டன் 1668-இல் செய்த முதல் எதிரொளிப்புத் தொலைநோக்கி சாண் அளவே நீளம். ஏறக்குறைய 40 மடங்கு தந்தது.

அந்த 40 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பூமிக்கு அருகில் வரும்போது வியாழனின் வட்டு 45 விகலை அகலம். 40 மடங்கில் அது 1,800 விகலை. வெறுங்கண்ணுக்கு முழுநிலவு எவ்வளவு பெரிதோ அவ்வளவு. சனியின் வளையமும் ஏறக்குறைய அதே அகலம். 25 மடங்கிலேயே சனி வட்டமாக இல்லை என்று தெரிந்துவிடும். 40, 50 மடங்கில் வளையத்துக்கும் கோளுக்கும் இடையே கருமை தெரியும். 2009-ஆம் ஆண்டை உலக வானியல் ஆண்டாகக் கொண்டாடியபோது பள்ளிகளுக்காக வடிவமைத்த கலிலியோஸ்கோப் என்ற கருவிக்கு வானியல் கல்வியாளர்கள் தேர்ந்தது 50 மி.மீ. லென்ஸ், 500 மி.மீ. குவியத்தொலைவு, 20 மி.மீ. ஐபீஸ்: 25 மடங்கு. பார்லோவோடு 50. அதற்கு மேல் அவர்கள் போகவில்லை. இந்தத் துறையை அறிந்தவர்கள் எந்த எண்ணை நம்பினார்கள் என்பதை இது காட்டுகிறது.

மிகக் குறைந்த மடங்கில் மட்டுமே பார்க்க முடிகிற பொருள்களும் பல. கார்த்திகை விண்மீன் கொத்து ஏறக்குறைய இரண்டு பாகை அகலம். நான்கு முழுநிலவுகளை வரிசையாக வைத்த அளவு. ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலம் மூன்று பாகை. ஐபீஸின் வழியே தெரியும் வட்டத்தின் கோண அகலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் வானில் எவ்வளவு பகுதி அடங்கும் என்பது கிடைக்கும். 50 பாகை ஐபீஸ் 20 மடங்கில் இரண்டரைப் பாகையைக் காட்டும். கார்த்திகை முழுதாக அடங்கும். 100 மடங்கில் அரைப் பாகை. நான்கைந்து விண்மீன்கள் தெரியும், கார்த்திகை என்ற உருவம் இராது. கீழ் எல்லைக்கும் ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை 7-ஆல் வகுத்து வரும் மடங்குக்குக் கீழே போனால் ஒளிக்கற்றை கண்பாவையைவிடத் தடித்துப்போய், சேகரித்த ஒளியில் ஒரு பகுதி கண்ணுக்குள் நுழையாது. 130 மி.மீ.க்கு அந்த எல்லை ஏறக்குறைய 19 மடங்கு. வயது ஏற ஏறக் கண்பாவை விரிவது குறைவதால் ஐம்பதைக் கடந்தவர்கள் 5-ஆல் வகுப்பது பொருந்தும்.

செவ்வாயும் நெருக்கமான இரட்டை விண்மீன்களும் 100 மடங்குக்கு மேல் கேட்பவை. நிலவும் பெருக்கத்தைத் தாராளமாகத் தாங்கும். அதற்கு ஒளி ஏராளம். பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் வண்ண நெபுலாக்களை எந்த மடங்கிலும் பார்க்க முடியாது. அவை நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்து எடுத்த படங்கள். கண்ணுக்கு ஓரியன் நெபுலா சாம்பல் நிற மூட்டமாகவே தெரியும். அதுவும் அழகுதான். ஆனால் எதை எதிர்பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

காற்றும் கால்களும்

இரண்டால் பெருக்கும் விதி கருவிக்கு உரியது. இரவுக்கு வேறு விதி உண்டு. பூமியின் காற்றில் வெப்பமும் குளிரும் கலந்த அடுக்குகள் அலைவதால் பிம்பம் நடுங்குகிறது. சாதாரண இரவில் இந்த நடுக்கம் ஒன்று முதல் இரண்டு விகலை வரை நுணுக்கத்தை விழுங்கிவிடும். எனவே 300 மி.மீ. ஆடி வைத்திருப்பவரும் 600 மடங்கைப் பயன்படுத்தும் இரவு மிக அரிது. பெரும்பாலான இரவுகளில் 200 முதல் 250 மடங்குக்குள் எல்லாரும் நின்றுவிடுகிறார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டைமாடித் தளம் முன்னிரவில் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும்; அதன் மேல் வைத்த தொலைநோக்கியில் வியாழன் கொதிப்பதைப் போலத் தெரியும். மண்தரையும் பின்னிரவும் நல்லவை. வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த கருவி வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணி நேரமாவது கொடுக்க வேண்டும்.

இந்த வகையில் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் இயற்கை ஒரு சலுகை தந்திருக்கிறது. கோள்கள் வான நடுக்கோட்டுக்கு 23 பாகை தெற்கே இறங்கியிருக்கும் ஆண்டுகளில் லண்டனில் அவை அடிவானிலிருந்து 15 பாகைக்கு மேல் ஏறுவதே இல்லை. சென்னையில் அதே கோள் 54 பாகை உயரத்தை எட்டும். ஒளி கடந்துவர வேண்டிய காற்று லண்டனில் மூன்று மடங்கு தடிமன். ஒரே கருவி, ஒரே ஐபீஸ். இங்கே கூடுதல் மடங்கு செல்லுபடியாகும்.

நிலைத்தாங்கியைப் பற்றி விற்பனையில் யாரும் பேசுவதில்லை. பேசியே ஆக வேண்டும். உருப்பெருக்கம் கோளைப் பெருக்குவதைப் போலவே கைநடுக்கத்தையும் காற்றின் தள்ளலையும் பெருக்குகிறது. மெல்லிய அலுமினிய முக்காலியில் 40 மடங்கில் பொறுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டம் 150 மடங்கில் கோளைக் கண்ணிலிருந்தே விரட்டிவிடும். குவியத்தைத் திருகும்போதெல்லாம் பிம்பம் துள்ளும். பூமி சுழல்வதால் வானும் நகர்கிறது: விநாடிக்கு 15 விகலை. 40 பாகை ஐபீஸில் 35 மடங்கில் ஒரு கோள் புலத்தைக் கடக்க நான்கரை நிமிடம் எடுக்கும். 525 மடங்கில் 18 விநாடி. வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளை குனிவதற்குள் வியாழன் போய்விடும்.

எதைத் தேர்வது

நிலைத்தாங்கிச் சிக்கலுக்கு எளிய விடை தந்தவர் ஜான் டாப்சன். சான்பிரான்சிஸ்கோவின் வேதாந்த சங்கத்தில் ராமகிருஷ்ண மரபுத் துறவியாக இருந்த அவர், கைவிடப்பட்ட கப்பல் ஜன்னல் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடிகளாக்கினார். அட்டைக் குழாய்க்குள் பொருத்தினார். பலகைப் பெட்டியின் மேல் உட்கார வைத்தார். மடத்தை விட்டு வெளியேறிய பின் 1968-இல் நடைபாதை வானியலாளர்கள் என்ற அமைப்பைத் தோற்றுவித்துத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் வானைக் காட்டினார். தரையில் உறுதியாக உட்கார்ந்து கைவிரலால் தள்ளினால் நகரும் அந்தப் பெட்டி அமைப்பு டாப்சோனியன் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஆடிக்கே போவதால், ஒரே விலையில் மிகப் பெரிய விட்டம் கிடைப்பது இந்த வகையில்தான். 150 மி.மீ. விட்டமும் 1,200 மி.மீ. குவியத்தொலைவும் கொண்ட டாப்சோனியன், இடமும் தூக்கும் வலுவும் உள்ள வீட்டுக்கு முதல் தொலைநோக்கியாக மிகப் பொருத்தம். இடம் குறைந்தவருக்கு 130 மி.மீ.க்கு 650 மி.மீ. கொண்ட மேசைமேல் வகை. பராமரிப்பே வேண்டாம், எடுத்தவுடன் பார்க்க வேண்டும் என்பவருக்கு 70 அல்லது 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கி, உறுதியான முக்காலியோடு. அதற்கும் பணம் போதாதென்றால் 50 மி.மீ. பொம்மைத் தொலைநோக்கியைவிட 10 மடங்கு தரும் 50 மி.மீ. பைனாகுலர் பல மடங்கு மேல். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம்; கார்த்திகை முழுதாக அடங்கும்; சுவரில் சாய்ந்து கையை ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நிலவுகளும் தெரியும்.

ஒரு வகையைத் தவிர்ப்பது நல்லது. விட்டம் 114 அல்லது 127 மி.மீ., குவியத்தொலைவு 1,000 மி.மீ. என்று எழுதியிருக்கும், ஐபீஸ் குழாயின் பக்கவாட்டில் இருக்கும், ஆனால் குழாயின் நீளம் அரை மீட்டரே இருக்கும். குவியத்தொலைவை நீட்ட உள்ளே மறைவாக ஒரு லென்ஸ் பொருத்தியிருப்பதே காரணம். மலிவாகச் செய்யும்போது அந்த லென்ஸ் பிம்பத்தை மழுக்கிவிடுகிறது. ஆடிகளை நேர்ப்படுத்துவதும் தொடக்கநிலையினருக்குப் பெரும்பாடு.

குவியத்தொலைவு ஒன்றாகவே இருந்தால் விட்டம் எதுவானாலும் அதே ஐபீஸ் அதே மடங்கைத்தான் தரும். 900 மி.மீ. குவியத்தொலைவுள்ள 60 மி.மீ. லென்ஸும் 114 மி.மீ. ஆடியும் 10 மி.மீ. ஐபீஸில் 90 மடங்கே தருகின்றன. ஆனால் முதலாவதில் அது உச்சத்தின் முக்கால் பங்கு. இரண்டாவதில் பாதிக்கும் குறைவு. கடையில் இரு கருவிகளை ஒப்பிடும்போது பெட்டியின் 675-ஐ விட்டுவிட்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் தேர்வு தானாகத் தெளிந்துவிடும்.

ஐபீஸின் தரம் அதன் பெயரில் ஓரளவு தெரியும். எச், எஸ்ஆர் என்ற எழுத்துகள் பொறித்தவை பழைய எளிய அமைப்பில் மலிவாகச் செய்தவை, புலம் குறுகியது. பிளாஸ்ல் என்பவை நான்கு லென்ஸ் கொண்டவை; ஏறக்குறைய 50 பாகைப் புலம் தருபவை. ஐபீஸ் செருகும் துளை 1.25 அங்குலம் இருக்க வேண்டும். 0.965 அங்குலத் துளையுள்ள கருவிக்கு நல்ல ஐபீஸ் பிறகு கிடைக்காது. 4, 5 மி.மீ. பிளாஸ்லில் கண்ணை லென்ஸோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவர்கள் 10 மி.மீ. ஐபீஸையும் இரண்டு மடங்கு பார்லோவையும் சேர்த்து அதே மடங்கைப் பெற்றால் கண்ணுக்கு இடம் கிடைக்கும். ஐபீஸில் திருகும் கறுப்புச் சூரியக் கண்ணாடி கருவியோடு வந்தால் அதை உடனே எறிந்துவிட வேண்டும். குவிந்த வெப்பத்தில் அது வெடிக்கும். ஒரு கணத்தில் பார்வை போய்விடும். சூரியனைப் பார்ப்பதற்கான வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக மட்டுமே இருக்க வேண்டும்.

150 மி.மீ.க்கு 1,200 மி.மீ. டாப்சோனியனுக்கு மூன்று பொருள்கள் பல ஆண்டுகளுக்குப் போதும்: 25 மி.மீ. ஐபீஸ், 10 மி.மீ. ஐபீஸ், இரண்டு மடங்கு பார்லோ. 25 மி.மீ. 48 மடங்கும், பார்லோவோடு 96 மடங்கும் தரும், 10 மி.மீ. 120 மடங்கும், பார்லோவோடு 240 மடங்கும் தரும். எந்தப் பொருளையும் முதலில் 48-இல் தேடிப் பிடித்து, புலத்தின் நடுவுக்குக் கொண்டுவந்து, குவியத்தைச் சரிசெய்த பிறகே அடுத்த ஐபீஸுக்குப் போக வேண்டும். 120-இல் பிம்பம் கூர்மையாக நின்றால் 240-ஐ முயலலாம். நடுங்கினால் 96-க்கு இறங்கிவிட வேண்டும். அசையாத காற்று வாய்க்கும் இரவில், 240 மடங்கில், சனியின் வளையத்தைப் பிளக்கும் கருங்கோடும் வியாழனின் பட்டைகளில் நெளிவுகளும் இந்தக் கருவியிலேயே தெரியும்.